நாற்றத்தின் இருப்பிடம்

பழைய கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பரீட்சிப்பதில் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கைக்கூடத் தங்கள் மூக்கை உபயோகிப்பதில் காட்டுவதில்லை. பானெட்டைத் திறந்து பார்ப்பார்கள். ஆயில் குச்சியை உருவித் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். டயரின் தேய்மானத்தை நகத்தால் அளப்பார்கள். கூட வந்த மெக்கானிக், ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் தாம் வந்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று கருதி, கிளட்சைப் பற்றி ஒரு குறை சொல்லி வைப்பார். அதை முன்னிட்டு விலையும் சற்று இறங்கும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் வண்டியின் உள்ளே மல்லிகை வாசனையோ எலுமிச்சை வாசனையோ அளவுக்குச் சற்று மீறியே வீசிக்கொண்டிருப்பதை எல்லோரும் உணர்கிறார்கள். உணர்ந்து, விற்கிறவர் வண்டியை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று மெச்சவும் செய்கிறார்கள். கிரயம் முடிந்து, ஆர்.சி.யில் பெயர் மாறி, கோவில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை வீட்டில் கொண்டுவந்து நிறுத்திய சில வாரங்களில், கண்ணாடியில் தொங்கிய அந்த வாசனைக் குப்பி வற்றிப்போகும் சமயத்தில்தான், அதன் பின்னால் இத்தனை நாளும் மறைந்திருந்த மற்றொரு வாடை மெல்ல எழுந்து தன் சொரூபத்தைக் காட்டுகிறது.

அதன் காரணத்தைப் பற்றி வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் உண்டாகும். ஈரத் துணியை மடித்து வைத்த வாடை என்பார் ஒருவர். எங்கோ எலி செத்திருக்கிறது என்பார் மற்றொருவர். பிறகு அண்டை அயலாரின் ஆலோசனைகள் வந்து சேரும்: கிண்ணத்தில் காப்பிப்பொடி வைக்கலாம், கற்பூரம் கட்டித் தொங்கவிடலாம், கதவை அடைத்துச் சாம்பிராணி போடலாம், இன்னும் விலை உயர்ந்த வாசனைத் திரவியமாக வாங்கி மாட்டலாம். இந்த உபாயங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு தோஷம் இருக்கிறது. நாற்றம் காற்றில் இருப்பதாக அவை எண்ணிக்கொள்கின்றன. நான்கு கதவுகளையும் திறந்து வைத்தால் ஒரு காருக்குள் இருக்கும் காற்று முழுவதும் சில நிமிஷங்களில் மாறிவிடும். அப்படி மாறிய பின்னரும், கதவை அடைத்த ஒரு மணி நேரத்துக்குள் அதே நாற்றம் திரும்பி வருகிறதென்றால், அதைச் சதா உற்பத்தி செய்துகொண்டிருக்கும் வஸ்து ஒன்று வண்டிக்குள் ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அந்த வஸ்துவை அகற்றுவதற்கு முன்னால் செய்யும் செலவெல்லாம் வீண் செலவு என்பது என் தீர்மானமான கருத்து.

இந்த வேட்டைக்கு நமக்குள்ள ஒரே கருவி மூக்குதான்; ஆனால் அது எளிதில் களைத்துப்போகிற கருவி. மனித நாசியில் மணத்தை உணரும் ஏற்பிகள் ஏறக்குறைய 400 வகை உண்டு. அவற்றின் மரபணுக்களை 1991-ஆம் வருஷம் கண்டறிந்து விளக்கியதற்காக ரிச்சர்டு ஆக்ஸெல், லிண்டா பக் என்ற இரு விஞ்ஞானிகளுக்கு 2004-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இத்தனை நுட்பமான அந்த இந்திரியம், ஒரே மணத்தில் சில நிமிஷங்கள் தொடர்ந்து இருந்தால் அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. ஆகையால்தான் விற்கிறவருக்குத் தம் வண்டியின் நாற்றம் நிஜமாகவே தெரியாமல் இருக்கக்கூடும். வாங்குகிறவரும் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டால் அவருக்கும் தெரியாமல் போகும். எல்லா விற்பனையாளர்களும் இவ்வளவு நிரபராதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாமலிருக்கும் சந்தையில் என்னென்ன விபரீதங்கள் நேரும் என்பதை ஆராய்ந்து 1970-இல் ஒரு கட்டுரை எழுதிய பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப், தமக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டதும் பழைய கார் வியாபாரத்தைத்தான். பிற்பாடு, 2001-இல், அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 

ஆகவே சோதனை செய்கிறவர் விடியற்காலையில், இராமுழுவதும் அடைத்து வைத்திருந்த வண்டியை, வெளியே சற்று உலாவி வந்த புது மூக்குடன் அணுக வேண்டும். வாசனைக் குப்பி, மெத்தை, பாய், டிக்கியில் கிடக்கும் பழந்துணி ஆகியவற்றை முதல் நாளே எடுத்துவிட வேண்டும். ஒரு கதவை மட்டும் திறந்து, முகத்தைத் தரையை ஒட்டிக் கொண்டுபோய், முதல் மூச்சில் என்ன தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு சற்று விலகிப் போய் நின்று, மூக்கு தெளிந்த பின் அடுத்த கதவு. சீட்டின் மடிப்பு, பெல்ட்டின் அடிப்பகுதி, மேற்கூரைத் துணி, ஸ்டெப்னி கிடக்கும் குழி என்று இடம் இடமாகப் போக வேண்டும். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். அதன்பின் ஏ.சி.யைப் போடாமல் விசிறியை மட்டும் ஓடவிட்டு ஒரு தடவையும், ஏ.சி.யைப் போட்டு ஒரு தடவையும் முகர்ந்தால் விஷயம் பாதி விளங்கிவிடும். விசிறி ஓடும்போது மட்டும் வருகிற நாற்றம் டாஷ்போர்டின் உள்ளே இருப்பது. விசிறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது தரையிலோ சீட்டிலோ இருப்பது.

நம் தேசத்துச் சீதோஷ்ணத்தில் கார் நாற்றங்களுக்கு முதற் காரணம் ஈரம் என்றே சொல்லலாம். ஏ.சி. ஓடும்போது டாஷ்போர்டினுள் இருக்கும் கூலிங் காயில் குளிர்கிறது. அதன்மேல் படும் காற்றிலுள்ள நீராவி துளித் துளியாகக் காயிலின் மீது படிகிறது. அந்த ஜலம் கீழே ஒரு தட்டில் சேர்ந்து, சிறிய ரப்பர் குழாய் ஒன்றின் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டுகிறது. கோடைக் காலத்தில் சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஏ.சி.யோடு ஓடி வந்து நிற்கும் காரின் அடியில் தண்ணீர் திட்டாய்த் தேங்கியிருப்பதைக் கண்டு சிலர் பயப்படுவார்கள். சொட்டினால் பயமில்லை, சொட்டாவிட்டால்தான் பயம். தூசியும் இலைத் துணுக்குகளும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துக்கொண்டால், வெளியே போக வழியற்ற ஜலம் உள்ளே இறங்கி, பெரும்பாலும் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் அமர்கிறவரின் காலடியில் கம்பளத்தின் கீழ்ப் பரவுகிறது.

சென்னையில் ஒரு ஷெட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. வண்டி என் நண்பர் ஒருவருடையது. வாங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தரை பார்வைக்கு உலர்ந்துதான் இருந்தது. ஏனென்றால் முந்திய சொந்தக்காரர், கம்பனி போட்ட கம்பளம் அழுக்காகாமல் இருக்க வேண்டுமென்று, அதன்மேல் ரெக்சின் போன்ற விரிப்பை ஒட்டி லேமினேஷன் செய்திருந்தார். மெக்கானிக் விசிறியையும் ஏ.சி.யையும் ஓடவிட்டுக் குனிந்து அடியில் பார்த்தார். "ஏ.சி. டிரெயின் அடைச்சிருக்கு சார். இவ்வளவு நேரம் ஓடியும் ஒரு சொட்டு விழலை பாருங்க" என்றார். பிறகு முன் கண்ணாடியின் அடிப்பகுதியில், வைப்பர்கள் படுத்திருக்கும் இடத்தில், ஒரு மக்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். அது போக வேண்டிய வழியில் போகாமல் தேங்கி நின்றது. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியபோது, வண்டி ஏதோ ஒரு வேப்பமரத்தடியில் வருஷக்கணக்கில் நின்றிருக்க வேண்டும் என்பதற்குச் சாட்சியாக, மக்கிக் கறுத்த இலைகள் கைப்பிடி கைப்பிடியாக வந்தன. கடைசியில் கதவோரப் பட்டையைப் பிடுங்கி, லேமினேஷனையும் கம்பளத்தையும் சேர்த்துத் தூக்கியதும், கீழே இருந்த தடித்த நார் மெத்தையை இரண்டு விரலால் அழுத்திக் காட்டினார். விரல்களுக்கு இடையே பழுப்பு நிறத்தில் ஜலம் ஊறி வழிந்தது. எழுந்த நாற்றத்தில் நாங்கள் இருவரும் ஒரு அடி பின்வாங்கினோம். அவர் பின்வாங்கவில்லை, பழக்கப்பட்டவர்.

இந்த லேமினேஷன் மோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுக் காரின் சீட்டுகளுக்கு மேல் வந்த பாலிதீன் உறையைக்கூட வருஷக்கணக்கில் கிழிக்காமல் வைத்திருப்பவர்கள் நாம். துணிச் சீட்டின்மேல் ரெக்சின் உறை, கம்பளத்தின்மேல் ஒட்டு விரிப்பு, அதன்மேல் தடித்த பாய் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். மேலிருந்து அழுக்கு இறங்காமல் காக்கிற அதே விரிப்பு, கீழே இறங்கிவிட்ட ஈரம் மேலே எழுந்து உலராமலும் காக்கிறது. நனைந்த பொருளை ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள் உலர்த்தாவிட்டால் அதில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது பொது விதி. மாதக்கணக்கில் நனைந்திருக்கும் நார் மெத்தையின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

பூஞ்சணமும் பாக்டீரியாவும் விருத்தியாகும் இடத்தில் வருகிற புழுக்க வாடையில் ஜியோஸ்மின் என்ற பொருளும் பல சமயங்களில் கலந்திருக்கிறது. 1965-இல் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷவாலியே என்ற இருவர் இதைப் பிரித்தெடுத்தார்கள். லட்சம் கோடியில் சில பங்குகள் இருந்தால்கூட மனித மூக்கு இதை உணர்ந்துவிடுகிறது. கோடை மழை விழுந்தவுடன் எழுகிற மண்வாசனையில் நம்மை மெய்ம்மறக்கச் செய்வதும் இதே ஜியோஸ்மின்தான் என்பது இயற்கையின் வேடிக்கைகளில் ஒன்று. வெட்டவெளியில் இன்பமாக இருப்பது அடைத்த காருக்குள் குமட்டலாகிவிடுகிறது.

ஈரத்தால் வந்த நாற்றத்துக்குச் செய்ய வேண்டியது யோசனையில் எளிது, காரியத்தில் சிரமம். முதலில் ஜலம் உள்ளே இறங்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டும்: டிரெயின் குழாய், கண்ணாடியடி வடிகால், கதவு ரப்பர், சன்ரூஃப் உள்ள வண்டிகளில் அதன் நான்கு மூலைகளிலிருந்தும் இறங்கும் மெல்லிய குழாய்கள். அதை விட்டுவிட்டு மெத்தையை மட்டும் உலர்த்துகிறவர் அடுத்த மழையில் மறுபடி உலர்த்துவார். அதைச் சரிசெய்த பின் சீட்டுகளைக் கழற்றிக் கம்பளத்தை வெளியே எடுத்துச் சோப்பு நீரில் அலசி, பங்குனி சித்திரை வெயிலில் முறுகக் காயவிட வேண்டும். நார் மெத்தை நைந்து போயிருந்தால் புதிது வெட்டிப் போடுவதே உத்தமம். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இதற்கான சாமான்கள் கிடைக்காமல் இருக்காது. சீட்டைக் கழற்றும்போது ஒன்றை மறக்கலாகாது: அடியில் மஞ்சள் நிறச் சொருகு தெரிந்தால் அது ஏர்பேக்குக்குப் போகும் கம்பி, பாட்டரி இணைப்பை எடுத்துச் சற்று நேரம் கழித்தே அதைத் தொட வேண்டும், பழக்கமில்லாதவர் தொடவே வேண்டாம்.

கூலிங் காயிலிலேயே அழுக்கும் பூஞ்சணமும் படிந்திருந்தால் அடையாளம் தெளிவு: ஏ.சி. போட்ட முதல் நிமிஷத்தில் புளித்த காலுறை வாடை குப்பென்று வந்து, போகப் போகக் குறையும். இதற்கான நுரை மருந்தைக் காயிலின்மேல் அடித்து, கரைந்த அழுக்கு டிரெயின் வழியே வடியும்படி செய்கிறார்கள். முற்றிய நிலையில் டாஷ்போர்டை இறக்கிக் காயிலை வெளியே எடுத்துக் கழுவ வேண்டியிருக்கும். அது கூலி பிடித்த வேலை. இரண்டுக்கும் முன்னால் கிளவ் பாக்ஸின் பின்புறம் இருக்கும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாற்ற வேண்டிய, பெரும்பாலான வண்டிகளுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கும் இந்தச் சாமானை, வண்டி பிறந்த நாளிலிருந்து மாற்றாதவர்கள் அனந்தம். வண்டியை நிறுத்துவதற்குச் சில நிமிஷங்கள் முன்னதாகவே ஏ.சி.யை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் காயில் உலர்ந்துவிடும். செலவில்லாத இந்தப் பழக்கத்தால் நாற்றம் மீண்டும் வருவது பெருமளவு தடைப்படும்.

அதே டாஷ்போர்டினுள் வெளிக்காற்று புகும் வாய் வழியாக எலியும் புகுந்துவிடும். அங்கே துணி கிழிசலும் இலையும் சேர்த்துக் கூடு கட்டி, விசிறியின் சக்கரத்தில் அகப்பட்டு உயிரையும் விட்டுவிட்டால், அந்த நாற்றத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் இராது. விசிறிப் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால் கையுறை இல்லாமல் தொடுவது தகாது.

ஈரத்துக்கு அடுத்தபடி ஆகாரம். குழந்தைகளோடு பிரயாணம் செய்த குடும்பத்தின் காரில் பால் சிந்தியிருக்கும். சுற்றுலா போன வண்டியில் யாராவது வாந்தி எடுத்திருப்பார்கள். மீன் வாங்கி வந்த பையிலிருந்து டிக்கியில் நீர் ஒழுகியிருக்கும். மேலாகத் துடைத்து விட்டிருப்பார்கள். ஆனால் சீட்டின் உள்ளே இருப்பது கண்ணறைகள் நிறைந்த நுரைப் பஞ்சு. சிந்தியதில் பாதி அதற்குள் இறங்கியிருக்கும். பாலின் கொழுப்பு சிதையும்போது பியூட்டிரிக் அமிலம் பிறக்கிறது. கெட்டுப்போன வெண்ணெயின் வாடையும் வாந்தியின் வாடையும் இதனால் வருபவையே. இது அமிலமாதலால், சமையல் சோடா என்று நாம் ஆப்பத்துக்குப் போடும் காரப்பொருளைத் தூவி இராமுழுவதும் விட்டு, மறுநாள் வாக்குவம் போட்டு உறிஞ்சினால் ஓரளவு அடங்கும். மீன் நாற்றமோ நேர் எதிர். அதற்குக் காரணமான டிரைமெத்திலமின் ஒரு காரம்; புளிப்பான பொருள் பட்டால் அது ஆவியாகாத உப்பாக மாறி நாற்றத்தை இழந்துவிடுகிறது. மீனைப் புளித்தண்ணீரில் அலசுகிற நம் வீட்டுப் பெண்மணிகள் ரசாயன சாஸ்திரம் படித்து அதைச் செய்யவில்லை. ஆயினும் சாஸ்திரம் அவர்கள் பக்கமே இருக்கிறது. டிக்கியில் மீன் நீர் ஒழுகிய இடத்தை நீர்த்த வினிகரால் துடைப்பது அதே முறை. எந்த நாற்றத்துக்கும் ஒரே மருந்து என்று விற்கப்படும் குப்பிகளை நம்பாமல் இருப்பதற்கு இந்த அமிலம், காரம் என்ற பேதம் ஒன்றே போதுமான நியாயம்.

சோடாவுக்கு அடங்காமல் பஞ்சின் ஆழத்தில் நிற்கும் பாலுக்கும் சிறுநீருக்கும் நொதிகள் கலந்த சுத்திகரிப்புத் திரவம் உண்டு. நாய் பூனை வளர்ப்போருக்கான கடைகளில் கிடைக்கும். சிந்தியது எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இத்திரவமும் இறங்க வேண்டும். உடனே துடைத்துவிடாமல் மணிக்கணக்கில் ஈரமாகவே விட்டுவைத்தால்தான் நொதிகள் புரதத்தையும் கொழுப்பையும் வெட்டித் தள்ளும். சுடுநீர் ஊற்றினால் நொதி செத்துவிடும். பாலின் புரதமும் இறுகிப் பஞ்சோடு பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரே போதும்.

சிகரெட் நாற்றம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. மற்றவை ஓரிடத்தில் சிந்தி அங்கேயே இருக்கின்றன. புகை மட்டும் காரின் ஒவ்வொரு அங்குலத்திலும் போய்ப் படிகிறது. முன் கண்ணாடியின் உட்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு ஏறினால் முந்திய சொந்தக்காரர் சொன்ன "நான் வண்டியில் பிடிப்பதே இல்லை" என்ற வாக்கியத்துக்கு மதிப்பு என்னவென்று தெரிந்துவிடும். அப்படிப் படிந்த நிக்கோட்டின், காற்றிலுள்ள நைட்ரஸ் அமில வாயுவோடு சேர்ந்து புற்றுநோயை விளைவிக்கக்கூடிய நைட்ரோசமின்களாக மாறுகிறது என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் 2010-இல் தெரிவித்தார்கள். ஆகவே இது வெறும் அருவருப்புப் பற்றிய விஷயமாக நின்றுவிடவில்லை. கண்ணாடி, டாஷ்போர்டு, கதவுப் பலகை, பெல்ட் எல்லாவற்றையும் சோப்பு நீரால் திரும்பத் திரும்பத் துடைப்பதும், ஃபில்டரை மாற்றுவதும், சீட்டைக் கழுவி உறிஞ்சி எடுப்பதும் தவிர வேறு வழியில்லை. மேற்கூரைத் துணியில்தான் புகை அதிகம் தங்கும். அதையோ ஊற வைத்துக் கழுவ முடியாது, ஏனெனில் மெல்லிய பஞ்சின்மேல் பசையால் ஒட்டிய துணி அது. நனைந்தால் பசை விட்டுத் தொங்கத் தொடங்கும். பிழிந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். பல வருஷம் புகைத்த வண்டியில் அந்தத் துணியையே மாற்றும்வரை நாற்றம் முழுதும் போவதில்லை.

வஸ்துவை அகற்றிய பிறகு மிஞ்சும் இலேசான வாடைக்குக் கரி நல்லது. ஆவி பாய்ச்சிப் பக்குவப்படுத்திய கிளர்வூட்டிய கரியில் ஒரு கிராமுக்குள்ளேயே ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு நுண்துளைப் பரப்பு ஒளிந்திருக்கிறது. நாற்றத்தின் மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரங்களும் இலங்கையும் தேங்காய்த் தொட்டியிலிருந்து இதைத் தயாரித்து உலகுக்கு அனுப்பிக்கொண்டிருக்க, நாம் அதே கரியை அழகான பையில் அடைத்துத் திரும்பி வரும்போது கூடுதல் விலைக்கு வாங்குகிறோம். அடுப்புக் கரிக்கும் சிறிதளவு இந்தக் குணம் உண்டு, ஆனால் கிளர்வூட்டியதற்கு ஈடாகாது.

பாச்சை உருண்டையைக் காரில் போட வேண்டாம். அடைத்த வண்டியில் அதன் ஆவி தலைவலியைத் தரும். ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் அளவுக்கு விபரீதமானது. ஓசோன் இயந்திரம் வைத்து ஒரே மணியில் நாற்றத்தைப் போக்குவதாகச் சொல்லும் கடைகளும் பெருகிவிட்டன. ஓசோன் கடுமையாக ஆக்ஸிஜனேற்றம் செய்யும் வாயு. நாற்ற மூலக்கூறுகளை அது உடைப்பது மெய். நுரையீரலையும் அதேபோல் தாக்கும், ரப்பரையும் வெடிக்கச் செய்யும் என்பதும் மெய். எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கும் ஓசோனின் அளவு காற்றில் கோடியில் ஒரு பங்குதான். ஆளில்லாத வண்டியில் அதை ஓடவிட்டு, பிறகு கதவுகளைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்ட பிறகே ஏற வேண்டும். கம்பளத்தின் அடியில் ஈரம் இருக்கும்போது ஓசோன் விடுவதால் ஒரு வாரச் சுகம் கிடைக்கும். அதற்கு மேல் கிடைக்காது.

சுத்தம் செய்யவே கூடாத நாற்றங்களும் உள்ளன. பெட்ரோல் வாடை, எரிவாயுவில் கசிவைக் காட்டிக்கொடுப்பதற்கென்றே கலந்திருக்கும் மெர்காப்டன் வாடை, கம்பியின் உறை கருகும் வாடை, டாஷ்போர்டிலிருந்து வரும் தித்திப்பான கூலண்ட் வாடை, பாட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுவதாலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் கோளாறாலோ எழும் அழுகிய முட்டை வாடை இவையெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடும் குரல்கள். வண்டிக்குள் சைலன்ஸர் புகை மணத்தால் உடனே நிறுத்தி இறங்கிவிட வேண்டும். அதனுடன் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமே கிடையாது.

இனி, வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டபோது கோட்டூர்புரத்திலும், ஜாபர்கான்பேட்டையிலும், முடிச்சூரிலும், வேளச்சேரியிலும் தெருவிலும் தரையடிக் கூடங்களிலும் நின்ற கார்கள் மூழ்கின. 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி சென்னையிலும் அதே கதை. பழுது பார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு நஷ்டமாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. வண்டியோ ஏலத்துக்குப் போகிறது. ஏலத்தில் எடுத்தவர் உதிரிபாகங்களுக்காக உடைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கழுவி, உலர்த்தி, பாலிஷ் போட்டு, வெள்ளமே அறியாத வேறொரு ஊரில் கொண்டுபோய் விற்கும்போதுதான் அந்தப் புழுக்க வாடையை மூடுவதற்கு மல்லிகைக் குப்பி தேவைப்படுகிறது.

இத்தகைய வண்டியின் நாற்றம் அதன் நோய்களில் மிகச் சிறியது. சாக்கடை கலந்த வெள்ளம் கம்பிச் சொருகுகளுக்குள் புகுந்து, செம்பைப் பச்சையாகக் களிம்பேற்றி, உடனே ஒன்றும் செய்யாமல் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் எஞ்சினை நிறுத்தும். ஏர்பேக்கை இயக்கும் பெட்டி பல வண்டிகளில் கியர் கம்பத்தின் அருகே தரையோடு தரையாக இருப்பதால் அது விரிய வேண்டிய சமயத்தில் விரியும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த வண்டியின் நாற்றத்தைப் போக்கும் உபாயத்தை யாராவது என்னிடம் கேட்டால், போக்க வேண்டாம், அதுவாவது உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும் என்பேன். ஒப்பந்தம் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். விற்றது கம்பனியாக இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

இன்னும் வாங்காதவர்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன், வாசனைக் குப்பியை எடுத்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தச் சொல்லுங்கள். சூட்டில் எந்த நாற்றமும் தன்னை மறைத்துக்கொள்ள முடியாது. கதவைத் திறந்த முதல் மூச்சை மட்டும் நம்புங்கள். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். முன்சீட்டின் அடியில் கைவிட்டு ஸ்பிரிங்கில் துரு படுகிறதா என்று தடவுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று நோக்குங்கள். பதிவெண்ணைச் சொல்லி, கம்பனி சர்வீஸ் நிலையத்தில் அதன் பழைய கணக்கைக் கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது விற்கிறவர் சம்மதிக்காவிட்டால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.